கல்லின் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

வேன் ஜப்பானியக் கல்லறைப் பூங்காவின் வாசலில் போய் நின்றபோதே எனக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. காலையிலிருந்து ஒரு காரியமாவது உருப்படியாக நடந்திருந்தால்தானே!

முதலில் அந்த அச்சுக்கடைக்காரன். என் தங்கை சங்கவியின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, டிஷ்யூ பாக்கெட்டில் பெயர் போடச் சொல்லியிருந்தேன். 'சங்கவி – கோகுலன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தும், அந்தப் புண்ணியவான் 'சங்கவி' என்று மட்டும் அச்சடித்துப் பெட்டி பெட்டியாக வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். போன் போட்டுக் கேட்டால், "மாப்பிள்ளை பேரு பின்னாடி வரும்னு நெனச்சோம் மேடம்" என்கிறான். பின்னாடி ரோஜாப்பூ இருந்தது. மாப்பிள்ளையைக் காணோம்.

தூக்கிப் போட மனசு வராமல் ஒரு கை அள்ளி என் கைப்பையில் திணித்துக்கொண்டேன். எப்படியும் சங்கவியோடு வெளியே போனால் டிஷ்யூ வேண்டும். தொட்டதுக்கெல்லாம் அழுகிறவள் அவள். நாய்க்குட்டி நொண்டினால் அழுவாள், விளம்பரத்தில் யாராவது பிரிந்தால் அழுவாள். கண்ணுக்கு மை வேறு அப்பிக்கொள்வாள். மை கன்னத்தில் ஒழுகும், நான் துடைத்துவிடுவேன். அம்மா போனதிலிருந்து இதுதான் என் வேலை.

அடுத்தது சுப்பையா மாமா. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தன் வேனோடு வந்திருந்தார். வழியில் காப்பிக்கடையில் நிறுத்தினோம். ஒரு மேசையில் யாரோ டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். இப்படி இடம் பிடிப்பதற்கு இங்கே பெயர் 'சோப்'. ஊர்ப்பக்கம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களாமே, அதுதான். வைத்தவர் வந்து உட்காரும்வரை அந்த இடத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள். மாமா அந்தப் பாக்கெட்டை எடுத்தார், அதிலேயே ஒரு தாளை உருவி மேசையைத் துடைத்தார், உட்கார்ந்தார்.

"மாமா, அங்க ஆள் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? பேப்பருதான் இருக்கு. பேப்பரு நாசிலெமாக் சாப்பிடுமா?"

"இங்க அப்படித்தான் மாமா வழக்கம்."

"நல்ல வழக்கம் போ. நாளைக்கு வீட்டு வாசல்ல பேப்பர் வெச்சா வீட்டையும் குடுத்துருவீங்களா?"

பாக்கெட்டுக்காரர் தட்டோடு வந்து நின்றார். மாமாவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டது நான். மாமா நிம்மதியாகக் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கிற டெரன்ஸ் இன்னொரு தலைவலி. வேனில் ஏறியதிலிருந்து புலம்பல். "சிஸ், இது ஏழாம் மாசம். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க லா." சீனர்களுக்கு ஏழாம் மாதம் பேய் மாதம். அந்த மாதத்தில் கல்யாணப் படம் எடுத்துக்கொள்ள எந்தச் சீன ஜோடியும் வராது என்பதால்தான் வேலையில்லாமல் இருந்த இவன் எங்களுக்குக் கிடைத்தான்.

"உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்க வேற எடமே கெடைக்கலையாடி? சுடுகாடுதான் கெடைச்சுதா?" என்று சங்கவியைக் கேட்டேன்.

"சுடுகாடு இல்லக்கா, கார்டன்! அந்தக் காகிதப்பூ வளைவைப் பாத்தியா? அப்படியே குடை புடிச்ச மாதிரி இருக்கும்." அதற்கே அவள் கண் கலங்கியது. கோகுலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல பையன். அவனை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. சுற்றிலும் வீடுகள்தான். யாரோ துணி உலர்த்துகிறார்கள், யாரோ கார் கழுவுகிறார்கள். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. மதிய வெயில் புல்லில் அடித்தும் தரை ஈரமாக இருந்தது. ஒரு வாசனை வந்தது. ஊதுபத்தி இல்லை, பூ இல்லை. யாரோ தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு இப்போதுதான் பக்கத்தில் கடந்துபோன மாதிரி. தேங்காயெண்ணெயும் இல்லை அது.

பெரிய கல்லறைகள் ஒரு பக்கம். புல்லுக்குள் சின்னச் சின்னக் கற்கள் இன்னொரு பக்கம். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள். அங்கே ஓர் அம்மா மர வாளியிலிருந்து அகப்பையால் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் ஹயாசே என்றார். கணவரின் வேலைக்காக இங்கே வந்து பல வருடமாகிவிட்டதாம்.

"இதெல்லாம் யாரு?" என்று சங்கவி கேட்டாள்.

"பொண்ணுங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி எங்க ஊரு ஏழைக் குடும்பங்கள்லேருந்து கப்பல்ல கூட்டிட்டு வந்து இங்க வித்துட்டாங்க. துறைமுகத்துக்கு வர்ற ஆம்பளைங்களுக்காக. உங்க வயசுகூட இருக்காது. சீக்கு வந்து செத்துட்டாங்க."

"கல்லுல பேரே இல்லையே?"

"பேரு போட யாரு இருந்தா?"

அவ்வளவுதான். சங்கவியின் மை ஒழுக ஆரம்பித்துவிட்டது. "பாவம்க்கா" என்றாள். "உக்கார ஒரு சொந்த எடம்கூட இல்லாம... பாவம்க்கா."

ஹயாசே அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாம். இங்க நின்னு பாவம்னு சொல்லக் கூடாது. அதுங்களுக்கு அந்த மாதிரி யாரும் சொன்னதே இல்ல. கேட்டுட்டா கூடவே வந்துடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? டிஷ்யூவால் அவள் முகத்தைத் துடைத்து, "போய்ப் பட்டுப்புடவை மாத்திட்டு வா, மழை வேற கறுக்குது" என்று வேனுக்கு விரட்டினேன். கோகுலனும் டெரன்ஸும் கூடவே போனார்கள்.

காகிதப்பூ வளைவின் கீழே நான் மட்டும் நின்றேன். அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. தலையில் நீல முடி, பச்சை முடி, கையில் அட்டை வாள். ஜப்பான் கார்ட்டூன் வேஷம் கட்டிய பிள்ளைகள். கேமராவோடு நேரே வளைவைப் பார்த்து வந்தார்கள்.

அதே நேரம் மாமா வேனிலிருந்து கத்தினார். "வனஜா! புடவை பின்னு எங்க இருக்கு?"

போனால் இடம் போய்விடும். என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. வளைவுக்குக் கீழே ஒரு சின்னக் கல். பூந்தொட்டி வைக்கிற கல் என்று நினைத்தேன், சத்தியமாக. அதன் தலையில் ஒரு பாக்கெட்டை வைத்தேன். 'சங்கவி' என்ற எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், வேறு பக்கம் போனார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அல்லவா!

ஜெயித்துவிட்ட திருப்தியோடு வேனுக்கு நடந்தேன். பின்னால் மரக்கட்டைச் செருப்பு ஒன்று கல்லில் பட்ட சத்தம் கேட்டது.

டக்.

திரும்பிப் பார்த்தேன். ஹயாசே அம்மா தூரத்தில் இருந்தார். ரப்பர் காலணிதான் போட்டிருந்தார்.

சங்கவி புடவை மாற்றி வந்தாள். வளைவின் கீழ் சில படங்கள் எடுப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. குடை, பை, கேமரா எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். வேன் கிளம்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹயாசே அம்மா மழையில் நின்று அந்தக் கல்லைக் காட்டி எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு இருக்கிறது பொறுமை? "ஓட்டுங்க மாமா" என்றேன்.

ஆங் மோ கியோவில் எங்கள் வீடு. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. டக், டக் என்று மெதுவாக வந்து எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது. திறந்தால் யாருமில்லை. எதிர்வீட்டு மலாய்க் கிழவி பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் வரலையே."

அவர் என் தோளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே பார்த்தார். பிறகு வாளியை அங்கேயே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எண்ணெய் வாசனை சோபாவில் வந்தது, தலையணையில் வந்தது. சங்கவி உட்கார்ந்து எழுந்த நாற்காலியெல்லாம் ஈரம். அவள் பேச்சும் குறைந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், "என் எடம் இது இல்லக்கா" என்றாள்.

"பின்ன எதுடி உன் எடம்?"

"நீதான புடிச்சு வெச்ச?"

அந்தப் பாக்கெட்டை நான் வைத்ததை அவள் பார்க்கவே இல்லை. அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

அன்று டெரன்ஸ் போன் செய்தான். குரலே சரியில்லை. "சிஸ், படம் அனுப்பியிருக்கேன். திட்டாதீங்க. நான் நெருங்கி நிக்கத்தான் சொன்னேன். அவங்களும் நெருங்கித்தான் நின்னாங்க. என் கண்ணால பார்த்தேன் லா."

படங்களைப் பார்த்தேன். காகிதப்பூ வளைவு, பட்டுப்புடவை, சிரிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் சங்கவிக்கும் கோகுலனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. கோகுலனின் கை யாரோ ஒருவர் தோளைச் சுற்றியிருப்பதுபோல வெறும் காற்றில் வளைந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சங்கவியைக் காணவில்லை. போனும் செருப்பும் வீட்டிலேயே இருந்தன. எங்கே போயிருப்பாள் என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டாக்சிக்காரர் நிதானமாக ஓட்ட, எல்லா சிக்னலும் சிவப்பாக விழ, உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

வளைவுக்குக் கீழே, அந்தக் கல்லின் பக்கத்தில், சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உடம்பை ஒடுக்கிக்கொண்டு, முடிந்த அளவு சின்னதாக. உதடு நீலம் பாரித்திருந்தது. "சங்கவி, எழுந்திரு" என்று இழுத்தேன். எழவில்லை. பலமாக இழுத்தபோது மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்திருப்பது என் கைக்குத் தெரிந்தது.

பிடி விட்டது. நாங்கள் இருவரும் புல்லில் விழுந்தோம்.

கல்லின் மேல் பாக்கெட் அப்படியே இருந்தது. ஒரு வாரமாக மழை. பாக்கெட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஹயாசே அம்மா ஓடிவந்தார். "நான் அன்னைக்கே எடுத்துக் குப்பையில போட்டேன். மறுநாள் வந்தா மறுபடி கல்லு மேல இருக்கு. திரும்பவும் எடுத்தேன், திரும்பவும் இருக்கு. நான் எடுத்தா செல்லாது போல. அது என்ன? காணிக்கையா?"

"இல்ல. எடம் புடிக்கிறது. பேரு போட்டிருக்கிறவங்க வந்து உக்காருவாங்கன்னு அர்த்தம்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பெயர் இல்லாத ஒரு கல்லின் தலையில் என் தங்கை பெயரை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், என் இந்தக் கையால்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அனலாய்க் கொதித்தது. டாக்டர் வைரஸ் என்றார், மாத்திரை கொடுத்தார். எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் டெரன்ஸிடம்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"சோப் பண்ணிட்டு உக்காரலன்னா யாருக்கும் கோவம் வரும்தானே சிஸ்? வேற எடம் குடுங்க லா. ஏழாம் மாசம் எங்க பாட்டுக் கச்சேரியில முன்வரிசை நாற்காலியைக் காலியா விடுவோம்ல, அவங்களுக்காக? யாரும் உக்காராம பாத்துக்கணும், அவ்ளோதான். மரியாதையாக் கூப்பிட்டா மரியாதையா வந்துட்டுப் போயிடுவாங்க."

மறுநாள் தனியாகப் போனேன். அந்தக் கல்லின் முன்னால் மண்டி போட்டேன். என்ன முறை, என்ன மந்திரம், எனக்கு எதுவும் தெரியாது. என் கோபம் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"இங்க பாரும்மா, தப்பு என்னோடது. உன் எடம்னு தெரியாம வெச்சுட்டேன். என் தங்கச்சிய விட்டுடு. அவ கல்யாண விருந்துல உனக்கு மேடைக்கு நேரா முதல் வரிசையில ஒரு நாற்காலி போடறேன். இதே பாக்கெட்டை அதுல வெக்கிறேன். உக்காரு, சாப்பிடு, பாரு. முடிஞ்சதும் உன் எடத்துக்கு நீ வந்துடு. சரியா?"

காகிதப்பூ ஒன்றுகூட அசையவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தேன். பிறகு எனக்குப் பின்னால், மிக அருகில், கேட்டது.

டக்.

பாக்கெட்டை எடுத்தேன். என் கையோடு வந்தது. வீடு திரும்பியபோது சங்கவி காய்ச்சல் இறங்கி, சமையற்கட்டில் நின்று மாகி நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். "பசி உயிர் போகுதுக்கா" என்றாள். அவள் கண்ணில் மை இருந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவளும் அழுதுவிட்டாள். இரண்டு பேர் முகத்தையும் அந்த அச்சுக்கடைக்காரன் இறக்கிய வேறொரு பாக்கெட்டைப் பிரித்துத்தான் துடைத்தோம்.

ஆவணியில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் சமூக மன்ற மண்டபத்தில் விருந்து. மேடையில் சிவப்பு சோபா. அதற்கு நேர் எதிரே முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி கட்டி, அந்தப் பாக்கெட்டை வைத்தேன்.

அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு! யாரோ ஒரு பாட்டி பையை வைக்க வந்தார். சின்னப் பிள்ளைகள் ஏறிக் குதிக்க வந்தார்கள். பரிமாறுகிறவன் அதைத் தூக்கி வேறு மேசைக்குப் போடப் பார்த்தான். ஒவ்வொருவரிடமும் சிரித்துச் சிரித்து, "ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க" என்று சொல்லி எனக்குத் தாடை வலித்தது. "யாரு வர்றா அப்படிப் பெரிய ஆளு?" என்று கோகுலனின் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

விளக்குகளை மங்கலாக்கிப் பாட்டுப் போட்டபோது அந்த எண்ணெய் வாசனை வந்தது. மண்டப வாசலில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. அத்தனை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. மெதுவாக, கூச்சத்தோடு, சுவரோரமாக வந்தது. வா தாயே, வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று மனசுக்குள் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் என் தோளைத் தட்டினார். "மேடம், பிரியாணி பத்தாது போலிருக்கு. கொஞ்சம் வந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவே சொன்னாத்தான் மேடம்."

சமையல் பகுதிக்கு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அவ்வளவுதான் நேரம்.

நாற்காலியில் சுப்பையா மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா!" நாற்காலியைப் பிடித்தேன். "அதுல ஒரு பாக்கெட் இருந்துச்சே?"

"ஆமா, கெடந்துச்சு. ஏசி ஒரே குளிரு. எடுத்து மூக்கச் சிந்திட்டுக் குப்பையில போட்டுட்டேன். ஏன், உங்கிட்டதான் பெட்டி பெட்டியா இருக்கே?"

"எழுந்திரிங்க. மாமா, கையெடுத்துக் கும்பிடறேன், எழுந்திரிங்க!"

"ஜொகூர்லேருந்து பாலம் தாண்டி வந்தவனுக்கு உக்கார ஒரு நாற்காலி இல்லையா உங்க ஊர்ல? எழுந்திரிக்க மாட்டேன் போ."

செருப்புச் சத்தம் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சற்று நேரம் நின்றது. பிறகு திரும்பியது.

மேடைப் படிகளில் ஏறியது.

டக். டக்.

சோபாவில் சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கண்தான் நிறைந்தது. கோகுலனின் கையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம்.

நான் நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். "சங்கவி! வேணாம்டி! நகராத!"

அவள் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் மை ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாவம்க்கா" என்று மெதுவாகச் சொன்னாள். "எவ்ளோ நேரமா நின்னுகிட்டே இருக்கா. நான் என் எடத்தக் குடுத்துடறேன்."

விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரிந்தன. "யாரும்மா சுவிட்சைத் தொட்டது?" என்று யாரோ சிரித்தார்கள்.

சோபாவில் சங்கவி இருந்தாள். நடுவில், கோகுலனை ஒட்டி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. கன்னம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கண்ணில் மை இல்லை. அவள் விட்டு நகர்ந்த ஓரத்தில் சோபா நனைந்திருந்தது.

என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை லேசாகத் தாழ்த்தினாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது மண்டபமே அழுதது, சமையல்காரர்கூட அழுதார். அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் நான் அவள் அழுது பார்க்கவில்லை. கோகுலன் சந்தோஷமாக இருக்கிறான். "உங்க தங்கச்சி ரொம்ப மாறிட்டாக்கா. எதுக்கும் மொகம் சுளிக்கிறதில்ல. என்ன குடுத்தாலும் ரெண்டு கையால வாங்கிக்கிறா" என்கிறான். வீட்டில் ஒரு வாசனை வருகிறதே என்று கேட்டால், ஏதோ புது எண்ணெய் தேய்க்கிறாள் என்கிறான். யாரிடம் போய் நான் முட்டிக்கொள்வது? ஒரு முறை வாயைத் திறந்தேன். "தங்கச்சி நல்லாருக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டார் மாமா. அவரை என்ன செய்தால் என் ஆத்திரம் தீரும்?

வந்து உட்கார்ந்தவள் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது, அதுதான் கொடுமை. கேட்காமல் அவள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டது நான், கொடுத்தது சங்கவி.

நேற்று மதியம் பூங்காவுக்குப் போனேன். நல்ல வெயில். காகிதப்பூக்கள் தலைக்கு மேல் சும்மா நின்றன. ஹயாசே அம்மா வாளியோடு தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை.

கல்லின் மேல் அந்தப் பாக்கெட் இருந்தது. மாமா மூக்கைச் சிந்திக் குப்பையில் போட்ட அதே பாக்கெட். 'சங்கவி' என்ற எழுத்து மேலே தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வந்துட்டேன்டி" என்றேன்.

செருப்புச் சத்தம் இல்லை. அவளுக்குத்தான் மரச்செருப்புப் போடுகிற பழக்கமே கிடையாதே.

கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் பார்த்தேன். பாக்கெட்டின் வாய் திறந்திருந்தது. ஒரு தாள் பாதி வெளியே இழுபட்டிருந்தது. தொட்டேன். ஈரம். இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை.

தாளில் மை அப்பியிருந்தது.